லேப்டாப் ஃபேனை மாற்றிய பிறகும் தொல்லையா? கோளாறைத் தேடிப் பிடிக்க முழு வழிகாட்டி

பழைய ஃபேன் கரகரவென்று சத்தம் போட்டது, இல்லாவிட்டால் ஒரேயடியாக நின்றுபோனது. புதிதாக ஒன்றை வாங்கி நீங்களே மாட்டினீர்கள், அல்லது டெக்னீஷியனிடம் கொடுத்து மாற்றினீர்கள். இப்போது ஆன் செய்தால் ஃபேன் சுற்றவே இல்லை. சிலருக்கு நிற்காமல் முழு வேகத்தில் இரைகிறது. இன்னும் சிலருக்கு ஒழுங்காகத்தான் சுற்றுகிறது, ஆனால் சூடு முன்பைவிட மோசம்.

இந்த நிலையில் பலரும் உடனே எடுக்கும் முடிவு, "புது ஃபேன் மட்டமான சரக்கு, இன்னொன்று வாங்க வேண்டும்" என்பதுதான். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் மாற்றிய கையோடு வரும் கோளாறு பெரும்பாலும் மாற்றும்போது கை பட்ட இடத்தில்தான் இருக்கும். பாதி இறங்கிய கனெக்டர், ஃபேனுக்கு அடியில் நசுங்கிய வயர், உரித்தெடுத்து மறந்துபோன டேப், காய்ந்த பேஸ்ட்டின் (சூட்டைக் கடத்தும் பசை) மேலேயே திரும்ப உட்கார வைத்த ஹீட் சிங்க் (பிராசசரின் சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகப் பாகம்). இவற்றில் எதுவும் மூன்றாவது ஃபேன் வாங்கினால் தீராது. அதனால் ஆர்டர் போடும் முன் கோளாறு எங்கே என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

லேப்டாப் ஃபேனுக்கு மூன்று வேலைகள். சுற்ற வேண்டும். எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறோம் என்பதை மதர்போர்டுக்குச் சொல்ல வேண்டும். ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு இடையே காற்றைத் தள்ளி வெளியே அனுப்ப வேண்டும். மூன்றில் எது தவறினாலும் கடைசியில் லேப்டாப் சூடாகும் அல்லது எரர் காட்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேறு. அந்த அடையாளத்தைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஸ்க்ரூடிரைவரைத் தொடும் முன் பத்து நிமிடம் லேப்டாப்பைக் கவனியுங்கள். முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்: ஆன் செய்ததும் ஃபேன் சுற்றவில்லை என்பது மட்டுமே கோளாறு ஆகாது. இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் பிராசசர் குளிர்ந்திருக்கும் வரை ஃபேன் நின்றே இருக்கும். சூடு ஒரு அளவைத் தாண்டிய பிறகுதான் சுற்றத் தொடங்கும். பழைய ஃபேன் எப்போதும் சத்தம் போட்டுப் பழகியவர்களுக்குப் புது ஃபேனின் அமைதியே பயமாக இருக்கும்.

வெப்பநிலையையும் ஃபேன் வேகத்தையும் காட்டும் மென்பொருள் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் ஹெச்டபிள்யூஇன்ஃபோ நல்ல தேர்வு. லினக்ஸில் எல்எம்-சென்சார்ஸ் போதும். சில லேப்டாப்கள் ஃபேன் வேகத்தை இந்த மென்பொருள்களுக்குக் காட்டவே காட்டாது. அப்போது தயாரிப்பு நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் வெப்பநிலையையும் காதையும் நம்பிப் போகலாம்.

இப்போது பிராசசருக்கு வேலை கொடுங்கள். பெரிய ஃபோல்டர் ஒன்றை ஜிப் செய்தாலே போதும். ஸ்ட்ரெஸ் டெஸ்ட் மென்பொருள் இருந்தால் இன்னும் நல்லது. ஃபேன் சுற்றவில்லை என்றால் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓட விடாதீர்கள். பெரும்பாலான பிராசசர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேலே போனால் லேப்டாப் தானாக அணைந்துவிடும். பிராசசருக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் பேட்டரிக்கும் மற்ற பாகங்களுக்கும் அந்தச் சூடு நல்லதல்ல.

வேலை கொடுத்ததும் வெப்பநிலை எந்த வேகத்தில் ஏறுகிறது என்று பாருங்கள். இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரியாது. 45 டிகிரியில் இருந்தது இரண்டு மூன்று விநாடிகளில் 95க்குத் தாவுகிறது, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் சரசரவென்று இறங்குகிறது என்றால், பிராசசரின் சூடு ஹீட் சிங்க்குக்குப் போய்ச் சேரவே இல்லை. குறை பேஸ்ட்டில் அல்லது ஹீட் சிங்க் உட்கார்ந்த விதத்தில். ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. மாறாக, வெப்பநிலை சில நிமிடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி உச்சத்தில் போய் நிற்கிறது, வேலையை நிறுத்திய பிறகும் மெதுவாகத்தான் இறங்குகிறது என்றால், சூடு ஹீட் சிங்க்கை அடைந்துவிட்டது; அங்கிருந்து வெளியேற வழியில்லை. குறை ஃபேனில் அல்லது காற்றோட்டத்தில்.

கூடவே காற்று வெளியேறும் துவாரத்தின் முன் ஒரு டிஷ்யூ துண்டைப் பிடியுங்கள், பிறகு உள்ளங்கையை வையுங்கள். டிஷ்யூ அசையவில்லை என்றால் காற்று வரவில்லை. ஃபேன் வேகமாகச் சுற்றியும் லேசாக மட்டுமே அசைந்தால், தவறான ஃபேன் மாட்டப்பட்டிருக்கலாம். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். காற்று பலமாக வருகிறது, ஆனால் குளிர்ச்சியாக இருக்கிறது, மென்பொருளோ 95 டிகிரி காட்டுகிறது என்றால், மறுபடியும் ஹீட் சிங்க் பக்கம்தான் பார்க்க வேண்டும். சூடான காற்று வருவது நல்ல அறிகுறி.

எரர் எதுவும் வந்தால் அப்படியே எழுதி வையுங்கள். ஹெச்பி லேப்டாப்கள் ஆன் ஆகும்போது சிஸ்டம் ஃபேன், 90பி என்று காட்டும். லெனோவோவின் திங்க்பேடுகள் ஃபேன் எரர் என்று சொல்லி நின்றுவிடும். டெல்லில் எஃப்12 அழுத்தி டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டினால் ஃபேன் சோதனையும் அதில் வரும். ஹெச்பியில் அதற்கு எஃப்2. மேக்புக்கில் ஆப்பிள் டயக்னாஸ்டிக்ஸ் ஓட்டிப் பார்க்கும்போது பிபிஎஃப் என்று தொடங்கும் குறியீடு வந்தால் அது ஃபேனைத்தான் குறிக்கிறது. இந்த எரர்கள் எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றே: ஃபேனிடமிருந்து எதிர்பார்த்த வேகத் தகவல் வரவில்லை. ஃபேன் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தாலும் இந்த எரர் வரலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

பவரை முழுமையாக எடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் ஒரு ஃபேன் கோளாறை மதர்போர்டு கோளாறாக மாற்றிக்கொள்கிறார்கள். ஸ்லீப்பில் போட்டுவிட்டுத் திறக்காதீர்கள்; முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். கீழ் மூடியைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், அப்புறம் பவர் பட்டனை 15 முதல் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது ஃபேன் கனெக்டரைச் செருகினால், பின்கள் ஒரு நொடி ஒன்றோடொன்று உரசினாலே ஃபேனுக்கு மின்சாரம் தரும் வழியில் இருக்கும் ஃப்யூஸோ சின்ன டிரான்சிஸ்டரோ போய்விடலாம்.

மூடியைத் திறக்கும்போது பேட்டரியையும் ஒரு பார்வை பாருங்கள். பல நாள் அதிகச் சூட்டில் ஓடிய லேப்டாப்பில் பேட்டரி வீங்கியிருக்க வாய்ப்புண்டு. வீங்கியிருந்தால் ஃபேன் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் பேட்டரியை மாற்றுங்கள். அதை அழுத்தவோ குத்தவோ வளைக்கவோ கூடாது.

ஸ்க்ரூக்களை எடுத்த இடத்தின் வரிசையிலேயே ஒரு தாளில் ஒட்டி வையுங்கள். நீளம் மாறிய ஸ்க்ரூ ஃபேன் உறையைத் துளைத்து இறக்கையில் இடிக்கும், அல்லது மறுபக்கம் கீபோர்டைக் குத்தும்.

கனெக்டரும் வயரும்

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது ஃபேன் கனெக்டர். நான் பார்த்தவரை, "மாற்றிய பிறகு சுற்றவே இல்லை" என்ற புகாரில் நிறையக் கதைகள் இங்கேயே முடிந்துவிடுகின்றன.

இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று பக்கவாட்டில் செருகுவது, மற்றொன்று மேலிருந்து அழுத்துவது. பக்கவாட்டு வகையை மேலே இழுத்தால் போர்டில் இருக்கும் சாக்கெட்டே பற்றவைப்போடு பெயர்ந்து வந்துவிடும். வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். பிளாஸ்டிக் ஸ்பட்ஜரால் (நெம்பி எடுக்க உதவும் தட்டையான கருவி) அல்லது நகத்தால் பிளக்கின் இரண்டு ஓரங்களையும் மாறி மாறி, ஒவ்வொரு முறையும் அரை மில்லிமீட்டர் அளவு தள்ளி வெளியே எடுங்கள். மெல்லிய லேப்டாப்களில் வயருக்குப் பதில் தட்டையான ரிப்பன் கேபிள் இருக்கும். அதற்குப் பெரும்பாலும் ஒரு சின்ன பூட்டு உண்டு. பூட்டைத் தூக்காமல் இழுத்தால் கேபிள் கிழியும், தூக்கிவிட்டு மூட மறந்தால் இணைப்பு இருக்காது.

எடுத்த பிறகு மொபைல் கேமராவை ஜூம் செய்து சாக்கெட்டைப் பாருங்கள். பின்கள் எல்லாம் ஒரே உயரத்தில், ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒன்று சாய்ந்திருந்தால் மெல்லிய ஊசியால் மெதுவாக நிமிர்த்தலாம். ஒரு தடவைதான் தாங்கும், முன்னும் பின்னும் வளைத்தால் ஒடிந்துவிடும். சாக்கெட்டின் நான்கு மூலைகளையும் ஸ்பட்ஜரால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். ஆடினால் பற்றவைப்பு விட்டிருக்கிறது, அது சால்டரிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. அடுத்து பிளக்கின் பின்புறம்: ஒவ்வொரு வயரின் உலோக முனையும் பிளாஸ்டிக்குக்குள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா? ஒரு வயர் மட்டும் சற்றுப் பின்வாங்கியிருந்தால், செருகும்போது அது பின்னைத் தொடாமலே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் கனெக்டர் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

அப்புறம் வயரின் பாதையைப் பின்தொடருங்கள். ஃபேனின் ஓரத்தில் அல்லது உறையில் வயரைப் பிடித்து வைக்கச் சின்னக் கொக்கிகள் இருக்கும். அதில் மாட்டாமல் விட்ட வயர் இறக்கையில் உரசும், அல்லது மூடியின் ஸ்க்ரூ தூணுக்கு அடியில் நசுங்கும்.

மாட்டியிருப்பது சரியான ஃபேன்தானா?

பழைய ஃபேனைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். டெக்னீஷியனிடம் விட்டிருந்தால் கேட்டு வாங்குங்கள். இந்த வேலையில் அதைவிட நல்ல துணை கிடையாது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்டிக்கரைப் படியுங்கள். லேப்டாப் ஃபேன்களில் பெரும்பாலானவை 5 வோல்ட்டில் ஓடுபவை, சுமார் அரை ஆம்பியர் எடுப்பவை. கேமிங் லேப்டாப்களில் 12 வோல்ட் ஃபேன்களும் உண்டு. 5 வோல்ட் போர்டில் 12 வோல்ட் ஃபேனை மாட்டினால் சுற்றாது, அல்லது சோம்பலாகச் சுற்றும். தலைகீழாக, 12 வோல்ட் போர்டில் 5 வோல்ட் ஃபேனை மாட்டினால் எரிந்துவிடும். டெல்டா, சுனான், ஏவிசி போன்ற நிறுவனங்கள் பல லேப்டாப்களுக்குச் செய்து தருவதால் உருவம் ஒன்றாகவும் உள்ளே வேறாகவும் இருக்கும் ஃபேன்கள் ஏராளம். எனவே மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள்.

ஸ்டிக்கர் பொருந்தினாலும் வயர் வரிசை பொருந்த வேண்டும். மூன்று வயர் ஃபேனில் மின்சாரம், கிரவுண்ட், வேகத் தகவல் ஆகிய மூன்றும் இருக்கும். நான்கு வயர் ஃபேனில் இவற்றோடு வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் வயரும் சேரும். சிவப்பு மின்சாரம், கறுப்பு கிரவுண்ட் என்பது வழக்கம்தான், ஆனால் மற்ற வயர்களின் நிறத்தை நம்ப முடியாது. பிளக்கில் எந்த இடத்தில் எந்த வயர் இருக்கிறது என்று பழையதோடு ஒப்பிடுங்கள். வரிசை மாறியிருந்தால் போர்டில் செருகாமல் திருப்பிக் கொடுப்பதே நல்லது. ஊசியால் முனைகளை எடுத்து இடம் மாற்றிச் செருக முடியும், செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தவறினால் போவது மதர்போர்டு.

இரண்டு ஃபேன் உள்ள லேப்டாப்களில் இன்னொரு சிக்கல். பிராசசர் பக்க ஃபேனும் கிராஃபிக்ஸ் பக்க ஃபேனும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி இருக்கும். இறக்கையின் வளைவும் சுழலும் திசையும் எதிரெதிர். ஒன்றின் இடத்தில் மற்றது எப்படியாவது பொருந்திவிட்டால், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற வேகம்) சரியாகக் காட்டும், சத்தமும் கேட்கும், ஆனால் காற்று போக வேண்டிய அளவில் போகாது. மென்பொருளில் எல்லாம் பச்சையாக இருக்கும்போது டிஷ்யூ சோதனை மட்டும்தான் இதைக் காட்டிக்கொடுக்கும். பழைய ஃபேனையும் புதியதையும் ஒரே பக்கமாக வைத்து இறக்கை எந்தப் பக்கம் வளைகிறது என்று பாருங்கள், ஸ்டிக்கரில் சுழல் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அதையும் பாருங்கள். தடிமனும் முக்கியம். ஒரு மில்லிமீட்டர் தடித்த ஃபேன் என்றால் மூடி அதை அழுத்தும், உறை வளைந்து இறக்கையில் உரசும்.

பழைய ஃபேனை வைத்து ஒரு தீர்ப்பு

கனெக்டர் சரி, ஃபேன் மாடலும் சரி, இருந்தும் சுற்றவில்லை. இப்போது பழைய ஃபேனை எடுத்து, ஸ்க்ரூ போடாமல் கனெக்டரை மட்டும் செருகி, பேட்டரியை இணைத்து ஆன் செய்யுங்கள். சத்தம் போடுகிற ஃபேனாக இருந்தாலும் பரவாயில்லை, நமக்கு வேண்டியது அது அசைகிறதா, மென்பொருளில் ஆர்பிஎம் வருகிறதா என்பது மட்டுமே. மாற்றுவதற்கு முன் சுற்றிக்கொண்டிருந்த பழைய ஃபேன் இப்போதும் சுற்றினால் போர்டு நன்றாக இருக்கிறது, குறை புது ஃபேனில். பழையதும் சுற்றவில்லை என்றால், மாற்றும் வேலையின்போது போர்டு பக்கம் ஏதோ நடந்துவிட்டது. ஒவ்வொரு மாற்றலுக்கும் முன் பவரை மறுபடி முழுதாக எடுக்க மறக்காதீர்கள்.

பழைய ஃபேன் ஏற்கெனவே செத்துப்போனது என்றால் இந்தச் சோதனை உதவாது. அப்போது புது ஃபேனைத் தனியாக ஓட்டிப் பார்க்கலாம். ஃபேனை லேப்டாப்பிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். ஸ்டிக்கரில் 5 வோல்ட் என்று இருந்தால் மட்டும், வீணான யுஎஸ்பி கேபிள் ஒன்றை வெட்டி, அதன் மின்சார வயரை ஃபேனின் மின்சார முனையிலும், கிரவுண்ட் வயரை ஃபேனின் கிரவுண்டிலும் ஊசி வழியாகத் தொடுங்கள். கேபிளின் நிறங்களையும் நம்பாமல் முதலில் மல்டிமீட்டரில் 5 வோல்ட் எங்கே வருகிறது என்று அளந்துகொள்ளுங்கள். கேபிளின் மறுமுனை பவர் பேங்கில் இருக்கட்டும், லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டில் வேண்டாம். ஊசிகள் உரசிவிட்டால் பவர் பேங்க் தன்னை அணைத்துக்கொள்ளும். நான்கு வயர் ஃபேன்களில் பெரும்பாலானவை கட்டுப்பாட்டு வயரில் எதுவும் இல்லாவிட்டால் முழு வேகத்தில் ஓடும். ஓடினால் ஃபேன் மோட்டார் நலம். இரண்டு மூன்று முறை தொட்டும் அசையாத ஃபேனைத் திருப்பிக் கொடுங்கள்.

ஃபேன் தனியாக ஓடுகிறது, போர்டில் ஓடவில்லை என்றால் சாக்கெட்டுக்கு 5 வோல்ட் வருகிறதா என்று அளக்க வேண்டும். பின்களுக்கு இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. மீட்டரின் முனை வழுக்கினால் மின்சாரமும் கிரவுண்டும் ஒன்றாகிவிடும். கை பழகாதவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. ஃப்யூஸ் போயிருந்தால் தெரிந்தவருக்கு அது பெரிய வேலை அல்ல.

சுற்றுகிறது, ஆனால் எரர் வருகிறது

ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் வேகத் தகவல் வயரில் வழக்கமாக இரண்டு துடிப்புகளை அனுப்பும். லேப்டாப்பில் எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சின்ன சிப் அதை எண்ணி வேகத்தைக் கணக்கிடும். இந்த வயர் ஒன்று மட்டும் விட்டுப்போனால் ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும், ஆனால் கன்ட்ரோலருக்கு அது நின்றுபோனதாகத் தோன்றும். சில லேப்டாப்கள் எரர் காட்டும், சில பயந்து முழு வேகத்தில் ஓட்டும், சில ஃபேனுக்கு மின்சாரத்தையே நிறுத்திவிடும். ஆன் செய்ததும் சில விநாடி சுற்றி நிற்கிறது, மறுபடி சில விநாடி சுற்றி நிற்கிறது என்றால் முதலில் இந்த வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஆர்பிஎம் பூஜ்யம், ஃபேனோ சுற்றுகிறது: வேகத் தகவல் வயர். ஆர்பிஎம் 5000 பக்கத்தில் நிற்கிறது, பிராசசரோ 40 டிகிரியில் சும்மா இருக்கிறது: பிடபிள்யூஎம் வயர் தொடவில்லை, அல்லது நான்கு வயர் ஃபேன் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று வயர் ஃபேன். ஆர்பிஎம் தாறுமாறாகக் குதிக்கிறது: கனெக்டர் தளர்வு, அல்லது புது ஃபேனின் சென்சாரே சரியில்லை.

வயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தால் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பக்கம் போகலாம். பயாஸில் ஃபேன் எப்போதும் ஓடட்டும் என்ற தேர்வு ஹெச்பி போன்றவற்றில் உண்டு. அது ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டீஃபால்ட் செட்டிங்கை ஏற்றுங்கள். இன்டெல் மேக்புக்காக இருந்தால் எஸ்எம்சி (ஃபேனையும் பவரையும் கட்டுப்படுத்தும் சிப்) ரீசெட் செய்யுங்கள். பயாஸ் அப்டேட் கடைசி வழி. சூட்டில் தானாக அணைந்துபோகிற லேப்டாப்பில் அப்டேட்டைத் தொடங்கினால் நடுவில் அணைந்து போர்டே கிளம்பாமல் போகலாம்.

சத்தம்

பவர் எடுத்த நிலையில் இறக்கையை விரல் நுனியால் சுண்டிவிடுங்கள். நல்ல ஃபேன் தடங்கலின்றிச் சில சுற்றுகள் சுற்றி மெதுவாக நிற்கும். ஒரே இடத்தில் தட்டுப்பட்டால் அந்த இடத்தில் ஏதோ உரசுகிறது: வயர், டேப்பின் ஓரம், வளைந்த உறை. ஃபேனின் ஸ்க்ரூக்களைப் பாதி தளர்த்தி மறுபடி சுண்டுங்கள். இப்போது தாராளமாகச் சுற்றினால் ஸ்க்ரூவை அதிகமாக இறுக்கியதில் உறை முறுக்கியிருக்கிறது. தளர்த்தியும் கரகரப்பு போகவில்லை என்றால் பேரிங் சரியில்லை. புதுசுதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள், ஆகாது. எண்ணெய் விட்டுப் பார்ப்பதும் வேண்டாம். திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு போய்விடும்.

மூடி திறந்திருக்கும்போது சத்தமில்லை, மூடினால் வருகிறது என்றால் தடிமன் மாறிய ஃபேன் அல்லது மூடியின் உள்பக்க ஸ்பாஞ்சு மடிந்திருப்பது காரணம். பழைய ஃபேனின் ஸ்க்ரூ துளைகளில் ரப்பர் வளையங்கள் இருந்தனவா என்றும் பாருங்கள். அவற்றைக் கழற்றிப் புதியதில் போடாவிட்டால் அதிர்வு முழுதும் லேப்டாப்பின் உடலில் கேட்கும்.

ஹீட் சிங்க்கும் பேஸ்ட்டும்

நிறைய லேப்டாப்களில் ஃபேனை எடுக்க ஹீட் சிங்க்கையும் சேர்த்துத் தூக்க வேண்டும். தூக்கிய நொடியே பழைய தெர்மல் பேஸ்ட்டின் ஆயுள் முடிந்தது. அதன் மேலேயே திரும்ப வைத்தால் நடுவில் காற்று இடைவெளி விழும். விநாடிகளில் 95க்குத் தாவும் வெப்பநிலைக்கு இதுதான் முதல் காரணம்.

பழைய பேஸ்ட்டை 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் இரண்டு பக்கமும் துடையுங்கள். வெள்ளி போல மின்னும் திரவம் இருந்தால் நிறுத்துங்கள். அது லிக்விட் மெட்டல். மின்சாரத்தைக் கடத்தும், போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும், அலுமினியத்தை அரிக்கும். பழகியவர்களிடம் விடுங்கள்.

லேப்டாப் பிராசசர்களுக்குப் பொதுவாக மேலே உலோக மூடி கிடையாது. பளபளக்கும் சிப் நேரடியாக வெளியே தெரியும். அதனால் பேஸ்ட் சிப்பின் நான்கு மூலைகளையும் மெல்லிய படலமாக மூட வேண்டும். நடுவில் ஒரு துளி வைத்து அழுத்திவிட்டால் மூலைகள் விட்டுப்போகலாம். ஹீட் சிங்க்கை நேராக இறக்குங்கள். ஒரு பக்கம் சாய்த்து அழுத்தினால் சிப்பின் ஓரம் உடையும். ஸ்க்ரூக்களின் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருக்கும். அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். முதல் ஸ்க்ரூவை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹீட் சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

பக்கத்து சிப்களின் மேல் மெத்தென்ற தெர்மல் பேட்கள் இருக்கும். கிழிந்ததற்குப் பதிலாகப் புதிது வைக்கும்போது தடிமன் அப்படியே இருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 வைத்தால், அந்த அரை மில்லிமீட்டர் ஹீட் சிங்க்கைத் தூக்கிப் பிடித்து பிராசசரைத் தொடவிடாமல் செய்யும்.

கடைசியாக, அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: ஃபேனின் வாய்க்கும் ஹீட் சிங்க் தகடுகளுக்கும் இடையே ஒட்டியிருக்கும் கறுப்பு டேப். மாற்றும்போது உரித்து எறிந்துவிடுவார்கள். அது இல்லையென்றால் தகடுகளுக்குள் போக வேண்டிய காற்று அந்த இடுக்கு வழியே லேப்டாப்புக்குள்ளேயே கசியும், அதே சூடான காற்றை ஃபேன் திரும்ப உறிஞ்சும். சூடு தாங்கும் பாலிஇமைடு டேப்பால் அந்த இடுக்கை மேலும் கீழும் மூடுங்கள். சாதாரண செலோ டேப்பின் பசை சூட்டில் இளகிவிடும். டேப்பை ஒட்டும் முன் தகடுகளின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஃபேனைப் பார்த்த பக்கத்தில் தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும், வெளித் துவாரத்திலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பிரஷ்ஷால் அதை எடுங்கள். காற்று அடித்துச் சுத்தம் செய்தால் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் கெடும்.

மூடுவதற்கு முன்னும் பின்னும்

எல்லா ஸ்க்ரூவையும் போடும் முன், பேட்டரியை இணைத்து ஒருமுறை ஆன் செய்து ஃபேன் அசைகிறதா, எரர் போய்விட்டதா என்று மட்டும் பாருங்கள். வெப்பநிலையை இந்த நிலையில் முடிவு செய்யாதீர்கள். பல லேப்டாப்களில் கீழ் மூடியும் காற்றுப் பாதையின் ஒரு பகுதிதான், மூடி இல்லாமல் கிடைக்கும் எண் நம்பத் தகுந்ததல்ல.

மூடிய பிறகு, தொடங்கும்போது செய்த அதே சோதனையை அதே ஃபோல்டரை வைத்து மறுபடி செய்யுங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 55 டிகிரி, முழு வேலையில் 80 முதல் 95, வேலை கூடும்போது ஆர்பிஎம் ஏறி, குறைந்ததும் இறங்குவது: இவை கிடைத்தால் வேலை முடிந்தது. மெல்லிய லேப்டாப்கள் முழு வேலையில் அதைவிடச் சற்று மேலேயே ஓடும்படி வடிவமைக்கப்பட்டவை. அங்கே வேகம் விடாமல் குறைகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டெக்னீஷியனிடம் கொண்டுபோக வேண்டி வந்தால், "ஃபேன் சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். வெப்பநிலை எத்தனை விநாடியில் ஏறியது, ஆர்பிஎம் என்ன காட்டியது, வந்த காற்று சூடா குளிர்ச்சியா, பழைய ஃபேன் அதே சாக்கெட்டில் சுற்றியதா என்பதை ஒரு தாளில் எழுதி, பழைய ஃபேனையும் சேர்த்துக் கொடுங்கள்.